பேச்சு போனால் யாரைப் பார்ப்பது?



காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது என்று நம் தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பல் வலித்தால் பல் டாக்டர். கண் மங்கினால் கண் டாக்டர். எலும்பு முறிந்தால் எலும்பு டாக்டர். பேச்சு போனால்?

இந்தக் கேள்வியைக் கேட்டால் நம்மில் பலர் கொஞ்சம் திகைத்துத்தான் நிற்போம். "பேச்சு போனா போனதுதாங்க, அதுக்கு ஏது மருந்து?" என்பதுதான் வழக்கமான பதில். பக்கவாதத்தில் விழுந்த பெரியவர் ஏதோ சொல்ல வருகிறார். வாய் திறக்கிறது, சொல் வரவில்லை. "பாவம், புத்தி போயிடுச்சு" என்று அவர் காதுபடவே பேசுகிறோம். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைப் பார்த்து, "இவன் அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று இன்னொரு வருஷத்தைத் தள்ளிப் போடுகிறோம்.

இரண்டும் ஆபத்தான பேச்சு. பெரியவருக்குப் புத்தி போகவில்லை. பிள்ளைக்குக் காத்திருக்க நேரமில்லை. பேச்சுக்கென்றே படித்துப் பட்டம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் யார், என்ன செய்வார், என்ன படித்தவர், அவரிடம் எப்படிப் போவது என்பதைத்தான் இந்த முறை பார்க்கப் போகிறோம்.

அவர் யார்?

அவருக்குப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் என்று பெயர். ஆஸ்பத்திரியில் 'ஸ்பீச் தெரபிஸ்ட்' என்று சொல்லுவார்கள். மலாயில் அந்தப் பகுதிக்குத் 'தெராப்பி பெர்துதுரான்' என்று பலகை போட்டிருக்கும். அமெரிக்காவில் இதே வேலைக்கு 'ஸ்பீச் லாங்குவேஜ் பெத்தாலஜிஸ்ட்' என்று பெயர். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்.

அவர் மருந்து எழுதித் தரமாட்டார். ஊசி போட மாட்டார். கத்தி வைக்க மாட்டார். பயிற்சிதான் அவருடைய மருந்து. கால் முறிந்தவருக்கு நடை பழக்குகிற பிசியோவைப் பார்த்திருப்பீர்கள். அவர் காலுக்குச் செய்வதை இவர் நாக்குக்கும், உதட்டுக்கும், தொண்டைக்கும், அதற்கெல்லாம் மேலாக மூளைக்கும் செய்கிறார்.

'பேச்சு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அவர் அதைப் பிரித்துப் பார்ப்பார். ஒலி சரியாக வருகிறதா? சொல் நினைவுக்கு வருகிறதா, பிறர் சொல்வது புரிகிறதா? திக்கல் இருக்கிறதா? குரல் எப்படி இருக்கிறது? கடைசியாக ஒன்று, பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்: சாப்பாடும் தண்ணீரும் தொண்டையில் சரியான வழியில் இறங்குகிறதா? விழுங்குவதும் அவருடைய பொறுப்புத்தான். உயிருக்கே ஆபத்தான விஷயமும் அதுதான். அதைப் பிறகு விவரமாகச் சொல்லுகிறேன்.

பேச்சு எங்கே இருக்கிறது?

பேச்சு நாக்கில் இருக்கிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நாக்கு வெறும் வேலைக்காரன். முதலாளி மூளை.

இதைத் தெளிவாக உலகத்துக்குக் காட்டியவர் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர். பாரிஸ் அருகே ஓர் ஆஸ்பத்திரியில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்த நோயாளி ஒருவருக்கு வாயில் வந்தது ஒரே ஒரு ஒலிதான்: 'டான்'. என்ன கேட்டாலும் 'டான், டான்'. ஆனால் கேட்பது அவருக்குப் புரிந்தது, கையால் ஜாடை காட்டினார், கோபமும் பட்டார். 1861ல் அவர் இறந்த பிறகு புரோக்கா அவருடைய மூளையைப் பரிசோதித்தார். இடது பக்கத்தின் முன்பகுதியில் ஓரிடம் கெட்டுப்போயிருந்தது. நாக்கில் ஒரு குறையும் இல்லை. பேச்சை உருவாக்கும் இடந்தான் பழுதாகியிருந்தது.

பக்கவாதத்தில் நடப்பதும் இதுதான். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ அந்த இடம் சேதமாகிறது. உடம்பின் வலது பக்கத்தை நடத்துவது மூளையின் இடது பக்கம். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் வலது கை கால் விழுந்தவர்களில் பலருக்குப் பேச்சும் சேர்ந்து போகிறது. இதற்கு 'அஃபேசியா' என்று பெயர். பக்கவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது.

இங்கே ஒன்றை மனசில் நன்றாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அஃபேசியா வந்தவர் பைத்தியம் அல்ல, குழந்தையும் அல்ல. பேரப்பிள்ளையின் முகம் அவருக்குத் தெரியும். வீட்டில் காசு இல்லாத கவலை தெரியும். நீங்கள் அவரை வைத்துக்கொண்டு பேசுவதும் தெரியும். 'தண்ணீர்' என்ற சொல்தான் கிடைக்கவில்லை. சிலருக்கு 'தண்ணீர்' என்று சொல்ல நினைத்து 'கதவு' என்று வந்துவிடும். சிலருக்கு 'ஆமாம்' என்பதற்கு 'இல்லை' என்று வரும். அதைக் கேட்டு நாம் சிரித்தால் மனுஷன் அன்றோடு வாயை மூடிக்கொள்வார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பேச முடியாத சிலருக்குப் பாட்டு வரும்! ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வரும். சின்ன வயசிலிருந்து சொல்லி வந்த சாமி பாட்டு தடையில்லாமல் வரும். வீட்டார், "பாட்டு மட்டும் வருதே, அப்போ நடிக்கிறாரா?" என்று சந்தேகப்படுவார்கள். நடிப்பில்லை. பாட்டுக்கும், பழகிப்போன சொற்களுக்கும் மூளையின் வலது பக்கமும் கைகொடுக்கிறது. இந்த வழியையே பிடித்துக்கொண்டு, ராகம் போட்டுச் சொற்களைப் பழக்கும் சிகிச்சை முறை ஒன்றை அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 1973ல் வெளியிட்டார்கள். இன்றும் அது வழக்கத்தில் இருக்கிறது.

முதல் தண்ணீர் யார் கொடுப்பது?

ஆபத்தான விஷயம் என்று சொன்னேனே, அது இதுதான்.

பெரியவர் பெரட்டுக்குப் புறப்படும்போது வாய் கோணி விழுகிறார். நாம் முதலில் என்ன செய்கிறோம்? தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். கோப்பி கொடுக்கிறோம். கைக்குக் கிடைத்த மாத்திரையை வாயில் போடுகிறோம். செய்யக் கூடாதது இதுதான்!

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்கும் சக்தி கெட்டிருக்கும். தொண்டையில் இரண்டு வழி இருக்கிறது: ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று நுரையீரலுக்கு. நல்ல உடம்பில் விழுங்கும்போது நுரையீரல் வழி தானாக மூடிக்கொள்ளும். பக்கவாதத்தில் அந்தக் கதவு சரியாக மூடாது. ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிமோனியா. பக்கவாதத்திலிருந்து தப்பியவர் நிமோனியாவில் போய்விடுவார்.

இதில் பயங்கரம் என்னவென்றால், சிலருக்கு இருமல்கூட வராது. சத்தமில்லாமலே உள்ளே இறங்கிவிடும்.

ஆகையால் பக்கவாதம் என்று சந்தேகம் வந்தவுடனே செய்ய வேண்டியது இது. முகம் கோணுகிறதா பாருங்கள். இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், ஒன்று தாழ்கிறதா பாருங்கள். ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் உடனே 999. வாயில் ஒன்றும் போடாதீர்கள். விரல் நுனியில் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம். பயன் இல்லை, நேரந்தான் போகும். அடைப்பைக் கரைக்கும் ஊசி எல்லாருக்கும் ஒத்துவராது. ஒத்துவரும் ஆளுக்கும் அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். லாரி வரட்டும், டிரெஸ்ஸர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அந்த நேரம் தோட்டத்துச் செம்மண் ரோட்டிலேயே போய்விடும்.

ஆஸ்பத்திரியில், வாய் வழியாக எதுவும் கொடுப்பதற்கு முன்னால் விழுங்கும் பரிசோதனை செய்வார்கள். சந்தேகம் இருந்தால் பேச்சுச் சிகிச்சையாளரைக் கூப்பிடுவார்கள். அவர் ஒரு கரண்டி, அரைக் கரண்டி என்று கொடுத்து, தொண்டை அசைவதைக் கையால் தொட்டுப் பார்த்து, குரல் மாறுகிறதா என்று கேட்டு, எது கொடுக்கலாம், எது கூடாது என்று முடிவு சொல்வார். தண்ணீரைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லலாம். மசித்த சாதம் மட்டும் என்று சொல்லலாம். கொஞ்ச நாளைக்கு மூக்கு வழியாகக் குழாய் என்றும் சொல்லலாம். "எங்கப்பாவைப் பட்டினி போடுறாங்களே" என்று வார்டில் சண்டை போடாதீர்கள். யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு வாய் கஞ்சி ஊட்டிவிடவும் வேண்டாம். அந்த ஒரு வாய்தான் உயிரைக் குடிக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகும் நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் ஊட்ட வேண்டும். சின்னக் கரண்டி. ஒரு வாய் இறங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டதும் படுக்க விடாமல் அரை மணி நேரமாவது உட்கார வையுங்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்ட பிறகு குரல் 'களகள' என்று ஈரமாகக் கேட்பது, கன்னத்தில் சோறு தங்குவது, காரணமில்லாத காய்ச்சல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்கள்.

அவர் அறையில் என்ன நடக்கும்?

முதல் நாள் அதிகமும் கேள்விதான். எப்போது ஆரம்பித்தது, வீட்டில் என்ன பாஷை, என்ன வேலை பார்த்தார், படிக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்பார். படம் காட்டிப் பெயர் கேட்பார். 'கதவைக் காட்டுங்கள்', 'கண்ணை மூடித் திறங்கள்' என்று சொல்லிப் புரிகிறதா என்று பார்ப்பார். எழுதச் சொல்லுவார். "என்னங்க இது, சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கு" என்று பெரியவர் முகம் சுளிப்பார். விளையாட்டில்லை. எந்த இடத்தில் வழி அடைத்திருக்கிறது என்று அவர் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிறகு பயிற்சி ஆரம்பமாகும். ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் கூட்டம் அதிகம், தோட்டத்திலிருந்து டவுனுக்குத் தூரமும் அதிகம். அடுத்த தடவை சில வாரம் கழித்துத்தான் கிடைக்கலாம். அந்த அறையில் நடக்கும் கொஞ்ச நேரப் பயிற்சி மட்டும் போதாது. அவர் செய்து காட்டுவதை நீங்கள் கற்றுக்கொண்டு வந்து தினம் வீட்டில் செய்ய வேண்டும். அதனால் பெரியவரோடு துணைக்குப் போகிறவர், தினம் அவரோடு வீட்டில் இருக்கும் ஆளாக இருக்கட்டும். மகளோ, மருமகளோ, பேரனோ. வெளியே நாற்காலியில் உட்காராமல் உள்ளே போய்ப் பாருங்கள். 'எனக்கும் சொல்லிக் கொடுங்கள்' என்று தைரியமாகக் கேளுங்கள்.

வீட்டில் இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. டிவியை அடைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுங்கள். கத்த வேண்டாம், அவர் செவிடு அல்ல.

2. சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். 'சாப்பிடுறீங்களா, குளிக்கிறீங்களா, இல்லே படுக்கிறீங்களா?' என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்காதீர்கள். 'சாப்பிடுறீங்களா?' போதும்.

3. பதிலுக்குக் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். சொல் தேடி வர நேரம் ஆகும்.

4. சொல் வராவிட்டால் கை ஜாடை, தலையாட்டல், படம், சாமானைக் காட்டுவது எல்லாமே பேச்சுத்தான். தட்டு, தண்ணீர், மருந்து, கழிப்பறை, வலி, வீட்டார் முகங்கள் ஆகியவற்றின் படத்தை ஒரு நோட்டில் ஒட்டி அவர் பக்கத்தில் வையுங்கள்.

5. அவருக்காக நீங்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடாதீர்கள். வீட்டு விஷயத்தில் அவரிடம் யோசனை கேட்பதையும் நிறுத்தாதீர்கள்.

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆனால் ஆறு மாதத்தோடு எல்லாம் முடிந்தது என்று சொல்வது சரியல்ல. வருஷக்கணக்கில் மெல்ல மெல்லத் தேறியவர்களும் இருக்கிறார்கள்.

பிள்ளை பேசவில்லையே!

இனி தாய்மார்களுக்கு. பொதுவாக ஒரு வயதையொட்டிப் பிள்ளை ஒன்றிரண்டு சொல் சொல்லும். இரண்டு வயதில் 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல்லைச் சேர்க்கும். மூன்று வயதில் சின்ன வாக்கியம் பேசும். முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஒரு வயதாகியும் விரல் நீட்டிக் காட்டவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்கூட இல்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேரவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். வந்த பேச்சு எந்த வயதில் நின்று போனாலும் உடனே காட்ட வேண்டும்.

முதலில் காதைச் சோதிப்பார்கள். காது கேட்காத பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? காதில் குறை என்றால் கருவி வைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. காது நன்றாக இருந்தால், பேச்சுத் தாமதமா, ஆட்டிசமா, வேறு வளர்ச்சிக் குறையா என்று குழந்தை டாக்டரும் பேச்சுச் சிகிச்சையாளரும் சேர்ந்து பார்ப்பார்கள்.

"நாக்குக்கு அடியில் நரம்பு இழுத்துக்கிட்டிருக்கு, வெட்டிவிட்டால் பேசிடும்" என்பது பாட்டிமார் கண்டுபிடிப்பு. நாக்கு ஒட்டியிருப்பதால் சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பது சிரமமாகலாம். ஆனால் ஒரு சொல்லும் பேசாத பிள்ளைக்குக் காரணம் பெரும்பாலும் அது இல்லை.

"வீட்டிலே தமிழ், வெளியிலே மலாய், டிவியிலே இங்கிலீஷ், அதான் பிள்ளை குழம்பிப் போச்சு" என்பார்கள். இதுவும் சரியல்ல. இரண்டு மூன்று பாஷை கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சுக் குறை வருவதில்லை என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்காகத் தெரியாத பாஷையில் தடுமாறிப் பேசாதீர்கள். உங்களுக்கு எந்தப் பாஷை சரளமோ, எதில் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் வருமோ, அதில் பேசுங்கள். நமக்கு அது தமிழ். தாராளமாகத் தமிழில் பேசுங்கள்.

பேச வேண்டியது மனிதர்கள், போன் அல்ல! அம்மா அப்பா வேலைக்குப் போய் வந்த களைப்பு நமக்குத் தெரியாததல்ல. அதற்காகப் பிள்ளை கையில் போனைக் கொடுத்து உட்கார வைத்தால், பேச்சு கேட்கும், பதில் சொல்ல ஆள் இருக்காது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது. சமைக்கும்போது, குளிப்பாட்டும்போது, துணி மடிக்கும்போது பிள்ளையோடு பேச்சுக் கொடுங்கள். 'சட்டை' என்று அது சொன்னால், 'சிவப்புச் சட்டை' என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். செலவில்லாத பயிற்சி.

திக்கலும் குரலும் வாய்ப்புற்றும்

திக்குகிற பிள்ளையிடம் "மெதுவா பேசு, மூச்சை இழுத்துவிட்டுப் பேசு" என்று அதட்டாதீர்கள்; சொல்லை நீங்கள் முடித்தும் கொடுக்காதீர்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேளுங்கள். திக்கல் அறிவுக் குறைவின் அடையாளம் அல்ல. நம் தாத்தாக்கள் இங்கே பால்மரம் வெட்டிய காலத்தில் வெள்ளைக்கார ராஜாவாக இருந்தாரே ஆறாம் ஜார்ஜ், அவருக்கே திக்குவாய்தான். ராஜாவாகும் முன்பே, 1926ல், லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் போய்ப் பயிற்சி எடுக்க ஆரம்பித்தார்.

நாளெல்லாம் காட்டில் கத்திக் கூப்பிடும் மண்டோருக்கும், வகுப்பில் பேசும் ஆசிரியருக்கும் குரல் கட்டிக்கொள்ளும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் டாக்டரிடம் காட்டித் தொண்டையைப் பாருங்கள்.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். இந்த நாட்டில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடம் அதிகமாக இருப்பதற்கு அந்தப் பழக்கம் முக்கியக் காரணம். வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆபரேஷனில் நாக்கின் ஒரு பகுதியையோ குரல்பெட்டியையோ எடுத்தவர்களுக்கும், உதடும் அன்னமும் பிளந்து பிறந்து ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கும் பேசவும் விழுங்கவும் மறுபடி கற்றுக் கொடுப்பது இதே சிகிச்சையாளர்தான்.

என்ன படித்தவர்?

பால்மரத்தில் கத்தி பிடிக்கத் தெரியாதவனை நாம் நிரையில் இறக்க மாட்டோம். பட்டையைத் தாண்டிக் கத்தி உள்ளே போனால் மரம் புண்ணாகிவிடும். மரத்துக்கே அப்படி என்றால் மனிதன் தொண்டைக்கு?

ராஜாவுக்குப் பேச்சு பழக்கிய லோக் இதற்கென்று பட்டம் வாங்கியவர் அல்ல. அந்தக் காலத்தில் இது அப்போதுதான் ஒரு தொழிலாக உருவாகி வந்தது. அமெரிக்காவில் இந்தத் தொழிலாளர்களின் சங்கம் 1925ல் தொடங்கியது. இன்று அங்கே முதுகலைப் பட்டம் இல்லாமல் இந்த வேலைக்கு வர முடியாது.

நம் நாட்டில் இந்தப் படிப்பை முதலில் தொடங்கியது யு.கே.எம். என்னும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், ஆண்டு 1995. அதற்கு முன்பு இதைப் படிக்க விரும்பியவர்கள் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டும். பிறகு கிளந்தான் குபாங் கெரியானில் யு.எஸ்.எம். போன்ற இடங்களிலும் வந்தது. யு.கே.எம்.மில் இது நாலு வருஷப் பட்டப் படிப்பு. உடம்பின் அமைப்பு, மூளை நரம்பு, காது, மொழியின் இலக்கணம், ஒலிகள் பிறக்கும் விதம், குழந்தை வளர்ச்சி, மனோதத்துவம் எல்லாம் படிக்க வேண்டும். ஏட்டுப் படிப்போடு விடமாட்டார்கள். மேற்பார்வையாளர் பக்கத்தில் இருக்க, நோயாளிகளை வைத்துப் பயிற்சி பெற்ற பிறகுதான் பட்டம்.

பட்டம் மட்டும் போதாது. 2016ஆம் ஆண்டின் இணைச் சுகாதாரத் தொழிலர் சட்டம் 2020 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்தது. பேச்சு மொழிச் சிகிச்சையாளரும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். அதற்கான மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, தொழில் நடத்தும் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும்.

இது நமக்கு ஏன் முக்கியம்? டவுனில் 'பிள்ளையைப் பேச வைக்கிறோம்' என்று போர்டு போட்டுக் காசு வாங்கும் இடங்களும் உண்டு. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் முன்னால், "நீங்கள் பதிவு பெற்றவரா? சான்றிதழைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உங்கள் உரிமை. உண்மையாகப் படித்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். 'ஒரே மாதத்தில் பேச வைக்கிறேன்' என்று எந்தப் படித்தவரும் சத்தியம் செய்ய மாட்டார். செய்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அவரிடம் போகும் வழி

முதலில் தோட்டத்து டிரெஸ்ஸரிடமோ பக்கத்து அரசாங்கக் கிளினிக் டாக்டரிடமோ போங்கள். "பேச்சுச் சிகிச்சைக்குக் கடிதம் வேண்டும்" என்று வாய் திறந்து கேளுங்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை என்றால் கிளினிக்கில் கொடுத்த குழந்தைப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போங்கள். பக்கவாத நோயாளி என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போதே, "பேச்சுச் சிகிச்சைக்குத் தேதி போட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டு வாருங்கள்.

சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். கவலைப்படாதீர்கள். பெரியவர் தமிழில் என்ன சொன்னார், எந்தச் சொல் தப்பி வந்தது என்று மலாயில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒருவரைக் கூட்டிப் போங்கள். பயிற்சியைத் தமிழிலேயே வீட்டில் செய்யலாமா என்று கேளுங்கள். செய்யலாம் என்றுதான் சொல்லுவார்.

பக்கவாதத்துக்குப் பிறகு உதவும் இடம் இன்னொன்றும் உண்டு: நாசாம் என்னும் மலேசியத் தேசியப் பக்கவாதச் சங்கம். 1996ல் தொடங்கியது, பெட்டாலிங் ஜெயாவிலும் வேறு ஊர்களிலும் மறுவாழ்வு நிலையங்கள் நடத்துகிறது.

சொக்சோவை மறந்துவிடாதீர்கள். 60 வயதுக்கு முன்பே பக்கவாதத்தால் வேலை செய்ய முடியாமல் போன தொழிலாளி, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், உடல் இயலாமைப் பென்சனுக்கு மனுப் போடலாம். இதை முடிவு செய்வது மருத்துவக் குழு. கை கால் ஓரளவு தேறியவரைப் பார்த்து, "இவருக்கு என்ன, நல்லாத்தானே இருக்கிறார்" என்று யாரும் சொல்லிவிடலாம். பேச்சு போனது வெளியே தெரியாதே! ஆகவே பேச்சுச் சிகிச்சையாளரின் அறிக்கையையும் மனுவோடு சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மறுபடி வேலைக்குத் திரும்ப முடிகிறவர்களுக்குச் சொக்சோவில் 2007லிருந்து தனித் திட்டம் இருக்கிறது. மலாக்காவில் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. அட்டை எடுக்கும்போது பேச்சுக் குறை தனிப் பிரிவாகவே கணக்கில் வரும். பாரம் எழுதத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரைப் பாருங்கள். வெட்கம் வேண்டாம்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

எஸ்.பி.எம். எழுதும் தம்பி தங்கைகளே! ஊசியும் கத்தியும் மட்டும்தான் மருத்துவம் என்று நினைத்துவிடாதீர்கள். அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி வாங்கி, எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடித்தால் இந்தப் படிப்புக்கு மனுப் போடலாம். பள்ளிக்கூட ஆலோசக ஆசிரியரிடம் இன்றே விசாரியுங்கள். பொறுமையும், மனிதர்களைக் கேட்கும் காதும் உள்ளவர்களுக்கு ஏற்ற வேலை. 'ழ'கர 'ள'கர வேறுபாடு காதில் பட்டுத் திருத்துவதற்கும், பாட்டி சொல்ல வந்து விட்டுப்போன தமிழ்ச் சொல்லை அடையாளம் காண்பதற்கும் தமிழ் தெரிந்த சிகிச்சையாளர் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்படி ஒருவர் கிடைப்பதில்லை. அந்த நாற்காலியில் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் உட்கார வேண்டும்.

தோழர்களே! உங்கள் லயத்தில், பக்கத்து வீட்டில், வாசற்படியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் யாராவது இருக்கிறாரா? மூன்று வயதாகியும் விரலால் மட்டும் கேட்கிற பிள்ளை இருக்கிறதா? இந்தப் பக்கத்தை அந்த வீட்டில் படித்துக் காட்டுங்கள். கடிதம் வாங்கக் கிளினிக்குக்கு நாளைக்கே துணைக்குப் போய் வாருங்கள்.